கடைசிப் படியின் உயரம்

சிஸ்டர் கமலவேணி காலமான செய்தியை எதிர்வீட்டுச் சுந்தரம் எங்கள் வீட்டு கேட்டருகே நின்று சொன்னார். காலை ஏழேகால் மணி. நான் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்காகக் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். "சிஸ்டர் போயிட்டாங்க சார்" என்றார். என் வாயில் வந்த முதல் கேள்வி, "விழுந்துட்டாங்களா?" என்பதுதான்.

"இல்ல சார். காபி கலந்து வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டு சேர்ல உட்கார்ந்தாங்களாம். காலி டம்ளரை வாங்கிக்கச் சொல்லி அவர் கூப்பிட்டிருக்கார். பதில் இல்லையாம்."

விழவில்லை என்று கேட்டதும் மனத்தில் ஒரு நிம்மதி உண்டாயிற்று. சாவுச் செய்தியின் நடுவே இப்படி ஒரு நிம்மதியா என்று அடுத்த கணமே கூச்சமாக இருந்தது. பின்னர் விசாரித்ததில், அன்று நம் நகரில் செய்தி கேட்ட அநேகமாக எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் இறந்த அன்று ஊரார் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கொண்டு அவர் எதற்காக வாழ்ந்தார் என்று சொல்லிவிட முடியுமானால், சிஸ்டர் விஷயத்தில் அது முடியும்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முடிச்சூர் சாலைப் பக்கம் அண்மையில் குடிவந்தவர்களுக்காகச் சில வரிகள்: கமலவேணி சென்னையின் பெரிய மருத்துவமனை ஒன்றில் எலும்பு முறிவு வார்டில் நெடுங்காலம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தேவராஜனுக்குப் பக்கவாதம் வந்து வலக்கால் இழுத்துக்கொண்ட பிறகு, மாடிப்படி இல்லாத வீடு வேண்டும் என்று எண்பதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்துக்கு வந்து நம் நகரில் குடியேறினார்கள். பிள்ளைகள் இல்லை. வந்த ஆறாவது மாதத்திலிருந்து, தோளில் ஒரு துணிப்பையோடு, வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அவர் நடக்கத் தொடங்கினார். பையில் ஒரு சாக்பீஸ் டப்பா, தையல்காரர் வைத்திருப்பதைப் போன்ற அளவு நாடா, ஒரு பழைய துண்டு. ஊசியும் மருந்தும் கிடையாது.

எங்கள் முதல் சந்திப்பு எனக்குப் பெருமை தருவதன்று. அப்போது நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மாதக் கூட்டத்தின் தொடக்கத்தில் அவர் எழுந்து, ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டார். பொருள் அஜெண்டாவில் இல்லை, ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் தர வேண்டும் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி சார். அடுத்த மாசம் போட்டுடுங்க" என்று சொல்லி, அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த கூட்டத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை நிமிடத்தில் முடித்தார். அதில் சொன்ன ஒன்று நடவடிக்கைப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. "இங்க இருக்கற வீடெல்லாம் நாற்பது வயசுல கட்டினது, நாற்பது வயசு ஆளுக்காகக் கட்டினது. இப்ப அதுல எழுபது வயசு ஆள் குடியிருக்கார். ஆள் மாறிட்டாரு, வீடு மாறலை."

அவர் வேலை செய்யும் முறை விநோதமானது. வீட்டுக்குள் வந்ததும் எதையும் சுற்றிப் பார்க்க மாட்டார். முக்கால் டம்ளர் தண்ணீரைப் பெரியவர் கையில் கொடுத்து, வழக்கமாகக் குளியலறைக்கு எப்படிப் போவாரோ அப்படியே போகச் சொல்வார். இவர் அரை அடி பின்னால், அவர் இடுப்பருகே ஒரு கையை வைத்தபடி நடப்பார். எங்கே தண்ணீர் சிந்துகிறதோ அங்கே குனிந்து துண்டால் துடைத்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, காய்ந்த பிறகு சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வாசற்படியைத் தாண்டும்போது சிந்தும். வெளிச்சத்திலிருந்து இருட்டான நடைக்குத் திரும்பும்போது சிந்தும். மடங்கிக் கிடக்கும் கால்மிதி மீது சிந்தும். அங்கெல்லாம் அந்த உடம்பு ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் விழவில்லை, அவ்வளவுதான் என்பார். உள்ளங்கை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மொசைக் எப்பவும் பளபளன்னுதான் சார் இருக்கும். ஈரம் கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

நம் நகர் உருவாவதற்கு முன் இந்த நிலங்களில் பயிர் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர் ராஜம்மாள். நமக்கு மனைகளை விற்றதும் அக்குடும்பமே. அவர் மருமகள் வந்து, மாமியார் விழுந்துவிட்டார், ஆனால் ஒப்புக்கொள்ள மறுக்கிறார் என்று சிஸ்டரிடம் முறையிட்டாள். சங்கத்தின் சார்பில் நானும் கூடப் போனேன். ராஜம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் எங்க நர்ஸம்மா வியுந்தேன்? சும்மா குந்திக்கினேன்."

"குந்தினதுக்கா அக்கா முட்டி இப்படி வீங்கிகீது?" என்றார் சிஸ்டர், அதே பேச்சில்.

"வயசானா வீங்கும். உனுக்கும் வீங்கும், பாத்துக்கினே இரு."

"வீங்கட்டும். இந்த டம்ளரைப் பிடிச்சிக்கினு ஒரு நடை வாங்க, பாக்கலாம்."

"நான் இன்னா சர்க்கஸ்ல கீறேனா?" என்று சொல்லிக்கொண்டேதான் ராஜம்மாள் எழுந்தார். கைப்பம்பிலிருந்து பிடித்து வந்த தண்ணீர்க் குடங்கள் நடையில் ஒரு பக்கமாக வரிசையாக இருந்தன. மீதி வழி ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அகலம். குடங்களை அடுக்களைச் சுவரோரம் மாற்றச் சொன்னதும் மருமகள் உடனே மாற்றிவிட்டாள். சிக்கல், பின்கட்டுக்குப் போகும் உயரமான வாசற்படியில் வந்தது. அங்குதான் தண்ணீர் மிகுதியாகச் சிந்தியது. அதைச் செதுக்கிச் சமமாக்கலாம் என்று நான் சொன்னேன். மகாலட்சுமி இருக்கும் இடத்தில் உளி வைப்பதா என்று அந்த வீடே முகம் சுளித்தது. சிஸ்டர் என்னைப் பார்க்காமல், மருமகளிடம் கேட்டார்: "வெள்ளிக்கிழமைதானே மஞ்சள் பூசறே? இனிமே தினம் பூசு. கெட்டியா, ஓரம் முழுக்க." மங்கிய கண்ணுக்கு அந்த மஞ்சள் பத்தடிக்கு முன்பே தெரியும். படி இருந்த இடத்திலேயே இருந்தது. ராஜம்மாள் அதற்குப் பிறகு அந்தப் படியில் விழவில்லை. "மகாலட்சுமியே எனக்கு மஞ்சக் கோடு போட்டுக் காட்றா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி எழுதப்போவது என் வீட்டு விஷயம். எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி நேர்மையாக இராது.

நான் கட்டடப் பொறியாளன். என் வீட்டை நானே வரைந்து, நானே நின்று கட்டினேன். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டரான என் தந்தையின் விருப்பப்படி, குளியலறை வீட்டுக்கு வெளியே பின்புறத்தில் அமைந்தது. அடுக்களைக் கதவிலிருந்து இறங்க மூன்று படிகள், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். ஓர் ஆனி மாதக் காலையில் சிஸ்டர் வந்து அப்பாவின் கையில் டம்ளரைக் கொடுத்தார். வீட்டுக்குள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. முதல் படி, இரண்டாம் படி, அங்கும் இல்லை. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தபோது பாதி டம்ளர் சிதறியது.

சிஸ்டர் வட்டம் போட்டார். "இந்தப் படி சின்னதா இருக்கு சார்" என்றார்.

இருக்க முடியாது, மூன்றும் ஒரே அளவு என்றேன். அவர் வாதாடாமல் அளவு நாடாவை நீட்டினார். என் ஸ்டீல் டேப்பை எடுத்து வந்தே அளந்தேன். ஆறு, ஆறு, மூன்றரை.

காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் அது நடந்திருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் சாலையை உயர்த்துவார்கள். சாலை உயர்ந்தால் அடுத்த மழையில் தண்ணீர் நம் மனைக்குள் வரும். அதைத் தடுக்க நாமும் லாரியில் மண் வரவழைத்துக் கொட்டுவோம். அந்த ஆண்டு நான் கொட்டிய மண், கடைசிப் படியின் இரண்டரை அங்குலத்தை மூடியிருந்தது. படிகளின் உயரம் சமமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. பிறர் கட்டிய கட்டடங்களில் அரை அங்குல வேறுபாட்டுக்காக ஒப்பந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டில் மண்ணைச் சமப்படுத்தியபோது தண்ணீரை மட்டும் நினைத்தேன், படியை நினைக்கவில்லை.

"காலுக்குக் கண்ணு கிடையாது சார், ஞாபகம்தான்" என்றார் சிஸ்டர். "மேல ரெண்டு படியை இறங்கினதும் மூணாவதும் அப்படித்தான்னு நம்பிடும். தரை முன்னாடியே வந்து இடிச்சா முட்டி மடங்கிடும்."

மூன்று படிகளையும் இடித்து, பக்கவாட்டில் கைப்பிடியோடு சரியான அளவில் கட்டிவிடுகிறேன் என்றேன். மறுவாரம் ஆடி பிறக்கிறது, அதன்பின் மழை, மார்கழி ஆகாது, தையில் செய்யலாம் என்று கணக்கிட்டேன். "தையில கட்டுங்க சார். இன்னிக்கு அந்த ஓரத்துல கொஞ்சம் சுண்ணாம்பு அடிச்சிடுங்க. கதவுகிட்ட ஒரு மணி வைங்க, அப்பா இறங்கறப்ப யாராவது கூட வரட்டும்" என்றார். சரி என்றேன். செய்யவில்லை. தற்காலிக ஏற்பாடுகளில் எனக்கு எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை. அரைகுறையாகச் செய்வதைவிட முறையாகச் செய்யும்வரை காத்திருப்பதே மேல் என்பது என் கொள்கை. புதிய படிகளுக்கான வரைபடத்தை மட்டும் அந்த வாரமே அளவுகளோடு போட்டு முடித்துவிட்டேன். சாக்பீஸ் வட்டம் முதல் மழையில் கரைந்து போயிற்று.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனார். நான் முன்னறையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். பின்புறம் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் போனபோது கடைசிப் படியருகே, ஒரு காலை மடக்கிய நிலையில் கிடந்தார். "ஒண்ணுமில்லடா. உட்கார்ந்துட்டேன்" என்றார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மருத்துவமனைக்குச் சிஸ்டர் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவரும் படியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. போர்வையை விலக்கிக் காலின் நிலையைப் பார்த்தார். தலையணையை மாற்றி வைத்தார். முதுகில் புண் வராமல் எப்படித் திருப்ப வேண்டும் என்று என் மனைவிக்குக் காட்டினார். நான் தண்ணீர் வாங்க வெளியே போய்த் திரும்பியபோது, கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது. என்னைக் காப்பாற்றுவதற்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா பார்க்காம இறங்கிட்டேன்."

"இல்லீங்க ஐயா. நீங்க சரியாத்தான் இறங்கினீங்க. படிதான் தப்பு."

சிஸ்டரின் அந்த மூன்று வாக்கியங்களை இத்தனை ஆண்டுகளாகப் பலமுறை மனத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் என்மீது குற்றச்சாட்டு இல்லை. ஆனால் ஒரு முதியவர் தன் உடம்பின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு கிடப்பதை அவர் அனுமதிக்கவில்லை. என் மனம் நோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உண்மையைச் சற்றும் வளைக்கவில்லை. விதிகளை மதிப்பவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டவன் நான். அன்று கதவுக்குப் பின்னால் நின்றபோது, விதியை எனக்காக அல்லாமல் விழுந்தவருக்காகப் படித்தவர் அவர் என்று விளங்கிற்று.

அந்த வாரமே, மழை தூறிக்கொண்டிருக்க, மேலே தார்ப்பாய் கட்டி, படிகளை இடித்துக் கட்டினேன். மாதம் பார்க்கவில்லை. அப்பா வீடு திரும்பிய பிறகு, நாள்தோறும் காலையில் சிஸ்டர் வந்து அவரை உட்கார வைத்து, எழுப்பி, வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார். அப்பா குளியலறை வரை நடந்தார். தெருவில் மட்டும் மறுபடி நடக்கவேயில்லை. இரண்டாண்டுகள் இருந்துவிட்டுப் போனார்.

அவர் காரியங்கள் முடிந்த பின் ஒருநாள், அன்றே சுண்ணாம்பு அடித்திருந்தால் என்று சிஸ்டரிடம் தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அடிச்சிருந்தா விழுந்திருக்கவே மாட்டார்னு நானும் சத்தியம் பண்ண முடியாது சார். அடிக்கலைங்கறதுதான் நமக்குத் தெரிஞ்சது. நாளைக்குப் பின்தெருவுல ஒரு வீடு இருக்கு. டேப்போட அந்தப் பக்கம் பிடிக்க ஆளில்லை. வர்றீங்களா?"

போனேன். அதன்பின் இத்தனை ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டேயிருந்தேன்.

கைப்பிடிகள் செய்யப் பம்மலில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு இருவரும் போனது நினைவுக்கு வருகிறது. நான் வரைபடம் கொண்டுபோயிருந்தேன். பட்டறைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, கேட்டும் இல்ல, ஜன்னலும் இல்ல, சுவத்துல ஒரு கொம்பு?" என்று கேட்டார். அகலமான பட்டையில் பூ வேலையோடு செய்தால் பார்வையாக இருக்கும் என்றும் சொன்னார். சிஸ்டர் அங்கே கிடந்த இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்து, விரல்கள் முழுவதும் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "உங்க அம்மா இருக்காங்களா?" என்று பட்டறைக்காரரைக் கேட்டார். இருக்கிறார் என்றார் அவர். "அவங்க கையில இதைக் குடுத்துப் பாருங்க. பிடி நிக்குதுன்னா இதே சைஸ்ல பத்து போடுங்க." மறுவாரம் போனபோது பதினொன்று செய்து வைத்திருந்தார். ஒன்று அவர் வீட்டுக்கு.

சிஸ்டரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அவரே ஏற்கமாட்டார். பிடிவாதக்காரர். குளியலறையில் உள்தாழ்ப்பாள் போடக் கூடாது என்று அவர் சொல்ல, மானம் மரியாதை என்று ஒன்று உண்டல்லவா என்று ஒரு பெரியவர் கேட்க, இருவரும் ஓராண்டு பேசாமல் இருந்ததும் உண்டு. தன் உடல்நிலையைப் பற்றி எவரிடமும் அவர் சொன்னதில்லை. நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று கணவரிடம்கூடச் சொல்லாமல், காபியைக் கலந்து கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்களின் "சும்மா குந்திக்கினேன்" என்பதை ஒரு நொடியில் கண்டுபிடித்தவரின் மௌனத்தை நாங்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் அவரை எடுத்தார்கள். அவருடைய தம்பி மகன் கொள்ளி வைத்தார். நான் தெருமுனை வரை போனேன். தேவராஜனுடன் யாராவது இருக்க வேண்டும் என்று உடன் வந்தவர்கள் சொன்னதால் திரும்பினேன். அதற்குள் வழக்கப்படி பெண்கள் வீடு முழுவதையும் கழுவிவிட்டிருந்தார்கள். கூடத்து மொசைக்கில் அங்கங்கே தண்ணீர் நின்றது. விளக்கு ஏற்றியிருந்தது. பின்கட்டில் சுந்தரம் தேவராஜனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் ஈரக் காலோடு, வலக்காலை இழுத்துக்கொண்டு, பின்கட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். கதவிலிருந்து நாற்காலி வரை பன்னிரண்டு அடி.

ஆணியில் சிஸ்டருடைய துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த பழைய துண்டை எடுத்துக் கீழே உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினேன். "விடுங்க சார், ஃபேன் போட்டா தானா காஞ்சிடும்" என்றார் ஓர் அம்மாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் ஒருகாலத்தில் தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். துண்டைப் பிழிந்து பிழிந்து, நாற்காலியிலிருந்து கதவு வரை துடைத்தேன். பிறகு அதே வழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். நடுவில் ஓர் இடம் ஈரமாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடி துடைத்தேன்.

தேவராஜன் கதவருகே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் சிஸ்டர் அவருக்குப் பழக்கியிருந்தது அது.

"தொட்டுப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"பார்த்துட்டேன். காஞ்சிருக்கு. வாங்க."

வந்தார். பன்னிரண்டு அடியும் நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அழுதார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். சொல்லாமல் வந்துவிட்டேன். சிஸ்டருடைய சாக்பீஸ் டப்பாவும் நாடாவும் இப்போதும் அந்தப் பையில், அந்த ஆணியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப அங்கேயே மாட்டிவிடுவதாகச் சொல்லித் தேவராஜனிடம் பின்னர் அனுமதி பெற்றிருக்கிறேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகே ஒருவரை "வாங்க" என்று அழைப்பது.